நாலு வயது அண்ணனும் ஒன்றரை வயதுத் தங்கையும் உள்ள வீட்டை எப்படி நடத்துவது?

கோயம்புத்தூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் கணவர், மாமியாருடன் வசிக்கும் ஒரு தாயார் எழுதிக் கேட்டிருக்கிறார். மூத்தவனுக்கு நாலு வயது. இந்த ஜூனில் எல்.கே.ஜி. சேர்ந்திருக்கிறான். இளையவளுக்கு ஒன்றரை வயது. விழித்திருக்கும் நேரமெல்லாம் வீட்டில் சண்டைதான்: அவன் கட்டி வைப்பதை அவள் கலைக்கிறாள், அவன் பிடித்துத் தள்ளுகிறான், அவள் கடித்துவிடுகிறாள். ‘நீ பெரியவன், நீதான் விட்டுக்கொடுக்க வேண்டும்’ என்று எவ்வளவு சொன்னாலும் அவன் கேட்பதாக இல்லை. அவனுக்குத் தங்கையின் மேல் பொறாமையா, இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டுமா, சின்னவளை இப்போதே ப்ளே ஸ்கூலில் சேர்த்துவிட்டால் சரியாகுமா என்பவை அவருடைய கேள்விகள்.

பொறாமை ஓரளவு இருக்கத்தான் செய்யும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு அது காரணமன்று. ஒரே அறையில், ஒரே பொருள்களுக்கு நடுவே, வளர்ச்சியின் வெவ்வேறு கட்டத்தில் இருக்கும் இருவரை விட்டுவிட்டு, இருவரும் அனுசரித்துப் போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒன்றரை வயதுக் குழந்தையால் அது முடியாது என்பது நமக்கே தெரிவதால், எதிர்பார்ப்பு முழுவதையும் நாலு வயதுக்காரன் தலையில் ஏற்றிவிடுகிறோம். அவனுக்கும் நாலு வயதுதான் ஆகிறது என்பதை வீட்டில் எல்லோரும் மறந்துவிடுவதே சிக்கலின் வேர். தங்கை பிறந்த நாளிலிருந்து அவன் ‘பெரியவன்’ ஆகிவிட்டான். தங்கை இல்லாத பக்கத்து வீட்டில் அதே வயதுப் பையன் இன்னும் ‘குழந்தை’யாகவே இருக்கிறான்.

விட்டுக்கொடுப்பது நாலு வயதில் எவ்வளவு கடினம் என்பதை ஆய்வுகளும் காட்டுகின்றன. சுவிட்சர்லாந்தில் 3 முதல் 8 வயது வரையிலான குழந்தைகளிடம் மிட்டாய்களைக் கொடுத்துப் பங்கிடச் செய்து பார்த்த ஆய்வொன்று 2008ஆம் ஆண்டு வெளியானது. அதில் மூன்று, நாலு வயதுக் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் தமக்கென்றே வைத்துக்கொண்டார்கள். சமமாகப் பங்கிடும் விருப்பம் ஏழு, எட்டு வயதில்தான் பரவலாகத் தெரிந்தது. பிறருடைய மனத்தில் இருப்பது தன் மனத்தில் இருப்பதிலிருந்து வேறுபடலாம் என்ற புரிதலே நாலு வயதை ஒட்டித்தான் உறுதிப்படத் தொடங்குகிறது. ஆக, உங்கள் மகன் செய்வது கெட்ட குணமில்லை, வயதுக்கு உரியது.

சின்னவள் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அவன் மரக்கட்டைகளை வைத்து ஒரு பாலம் கட்டுகிறான். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசிக் கட்டையை வைக்கிறான். அவள் தத்தித் தத்தி வந்து, மேலே இருப்பதைத் தொடாமல், அடியில் இருக்கும் கட்டையை உருவுகிறாள். எல்லாம் சரிந்து விழும் சத்தத்தைக் கேட்டுக் கைகொட்டிச் சிரிக்கிறாள். அவனுடைய உழைப்பைக் கெடுக்கும் எண்ணம் அவளுக்குக் கிடையாது. இழுத்தால் விழுகிறது, விழுந்தால் சத்தம் வருகிறது, சத்தம் வந்தால் அண்ணன் கத்துகிறான் என்பதை அவள் கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறாள். அந்த வயதில் அதைவிட முக்கியமான வேலை அவளுக்கு இல்லை. அவன் கண்ணுக்கோ அவள் வேண்டுமென்றே செய்ததாகத்தான் தெரியும். இந்த இடத்தில் இருவருக்கும் புத்தி சொல்வது வீண். கட்டைகள் இருக்கும் இடத்தை மாற்றுவதுதான் வழி.

இரண்டு அறை வீட்டிலும் அது முடியும். சாப்பாட்டு மேசை, கட்டில், சுவரோரம் போட்ட பழைய பெஞ்சு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றை அவனுடைய இடமாக ஒதுக்கிக் கொடுங்கள். அவள் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தால் போதும். கட்டைகள், கிரேயான், புதிர்ப்படம் எல்லாம் அங்கே மட்டுமே. தரையில் இறங்கிவிட்டால் அது இருவருக்கும் பொது. இந்த ஒரு விதி நாலு வயதுக்காரனுக்கு நன்றாகப் புரியும். மேலும், தன் பொருளுக்குக் காவல் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அவனாகவே எதையாவது தங்கையிடம் நீட்டத் தொடங்குவான். அவனுக்கே சொந்தமான நாலைந்து பொருள்களை அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அவற்றை அவள் கேட்டு அழுதாலும் கொடுக்கச் சொல்லக் கூடாது. மற்றவற்றுக்கு, ‘அவன் முடித்ததும் உனக்கு’ என்ற முறை போதும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம், ஐந்து நிமிடம் என்று பிடுங்கிக் கொடுப்பதை நான் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அதில் இருவருடைய விளையாட்டும் நடுவில் அறுந்துபோகிறது. எல்லாவற்றையும் இரண்டிரண்டாக வாங்குவதும் தீர்வாகாது. இரண்டு கார் இருந்தால் அவன் கையில் இருக்கும் கார்தான் அவளுக்கு வேண்டும். தம்ளர், தட்டு, பந்து இவற்றை மட்டும் ஒரே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள். நிறம் இல்லாத எவர்சில்வர் தம்ளர் இந்த விஷயத்தில் பெரிய உதவி.

உயரமான இடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் சமரசம் கிடையாது. பெரியவனுக்குப் பொருத்தமான பொம்மைகள் சின்னவளுக்கு ஆபத்தானவை. சுமார் 3 செ.மீ. அகலமுள்ள குழாய்க்குள் நுழைந்துவிடக்கூடிய எந்தப் பொருளும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது. பொம்மைக் காரின் சக்கரம், காசு, காந்தக் குண்டு, பல்லாங்குழிச் சோழி, புளியங்கொட்டை எல்லாம் இதில் அடங்கும். மிக மோசமானது ரிமோட்டிலும் பாட்டுப் பாடும் பொம்மையிலும் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரி. உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே அது உள்ளே புண்ணாக்கத் தொடங்கிவிடும். விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வேர்க்கடலையும் வறுத்த பட்டாணியும் இன்னொரு கவலை: நாலு வயதுக்காரன் தான் தின்பதை ‘பாப்பாவுக்கும்’ ஊட்டுவான், அதுவும் பாசத்தினால் ஊட்டுவான். ஊட்டாதே என்று அதட்டுவதைவிட, அவன் ஊட்டலாம் என்று சொல்லக்கூடிய வாழைப்பழத் துண்டு, இட்லித் துண்டு ஆகியவற்றைக் கையில் கொடுத்து, உங்கள் கண் முன்னால் உட்கார வைத்து ஊட்டச் சொல்லுங்கள்.

அவன் தள்ளும்போதும் அவள் கடிக்கும்போதும் என்ன செய்வது? முதலில் அடிபட்டவரிடம் போங்கள். மற்றவரைத் திட்டும் வேலை ஓர் ஐந்து நிமிடம் காத்திருக்கலாம். பெரும்பாலும் அதற்குள் அது தேவைப்படாமலே போய்விடும். பிறகு அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ‘தள்ளக் கூடாது. பாலத்தை அவள் கலைத்ததால் உனக்குக் கோபம். அடுத்த முறை என்னைக் கூப்பிடு’ என்ற மூன்று வாக்கியங்கள் போதும். கட்டாயப்படுத்தி ‘ஸாரி’ சொல்ல வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. அது குழந்தைக்குத் தப்பிக்கும் மந்திரமாகிவிடுகிறது, தள்ளிவிட்டு உடனே சொல்லிவிட்டுப் போய்விடுவான். வலித்த இடத்துக்கு ஈரத்துணி எடுத்து வரச் சொல்வது அதைவிட நல்லது. கடிப்பதைப் பொறுத்தவரை, பேச்சு வராத வயதில் பல்தான் அவளுடைய பேச்சு. திருப்பிக் கடித்துக் காட்டினால் புரியும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்காதீர்கள். பெரியவர்களும் கடிக்கலாம் என்பது மட்டும்தான் அதிலிருந்து அவளுக்குப் புரியும். ‘கடிக்காதே, வலிக்கும்’ என்று சுருக்கமாகச் சொல்லி அவளைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டு, ‘தா’, ‘எனக்கு’ போன்ற சொற்களை ஒவ்வொரு நாளும் கைச்சாடையோடு பழக்குங்கள். சொல் வர வரக் கடி குறையும்.

மாமியாரைப் பற்றி நீங்கள் மரியாதையோடு ஒரு வரி எழுதியிருப்பதால் நானும் மரியாதையோடு சொல்கிறேன். ‘அம்மா இனிமேல் பாப்பாவுக்குத்தான்’, ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்’ என்பவை நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கேலிகள். சொல்பவர் மனத்தில் பாசத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. ஆனால் தங்கை வந்த பிறகு தன் இடம் எது என்று அறியாமல் இருக்கும் நாலு வயதுப் பிள்ளைக்கு இதில் எது கேலி, எது செய்தி என்று பிரித்தறியத் தெரியாது. அத்தையிடம் குறையாகச் சொல்லாமல், அவருக்கு ஒரு வேலையாகவே கொடுத்துவிடலாம்: மூத்தவன் கைக்குழந்தையாக இருந்தபோது என்னென்ன செய்தான் என்ற கதைகளை இரவில் அவனுக்குச் சொல்லச் சொல்லுங்கள். தானும் இப்படித் தூக்கி வளர்க்கப்பட்டவன்தான் என்பது பாட்டி வாயால் வந்தால் அதற்கு மதிப்பு அதிகம்.

உறவு எப்படி வளர்கிறது என்பதற்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டு. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பகுதியில் உள்ள குடும்பங்களில், இரண்டாவது குழந்தை பிறப்பதற்கு முன்பிருந்தே வீடுகளுக்குச் சென்று கவனித்த ஜூடி டன், கரோல் கெண்ட்ரிக் இருவரும் 1982இல் வெளியிட்ட ஆய்வில் ஒன்றைக் குறிப்பிட்டார்கள்: கைக்குழந்தையை விருப்பமும் வருத்தமும் உள்ள ஓர் ஆளாக மூத்த குழந்தையிடம் பேசிய தாய்மார்களின் வீடுகளில், பின்னால் இருவரும் கூடுதல் நட்போடு பழகினார்கள். இதை நடைமுறையில் செய்வது எளிது. ‘பாப்பா ஏன் அழுகிறாள் என்று நினைக்கிறாய், பசியா தூக்கமா?’ என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்வது சரியாக இருந்தால் அவனுக்கு ஏற்படும் பெருமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதேபோல் அவளிடமும் அவன் காதில் விழும்படி, ‘அண்ணன் கட்டி முடிக்கட்டும், நீ கொஞ்சம் பொறு’ என்று சொல்லுங்கள். அவளுக்குப் புரியாவிட்டாலும் அவனுக்குப் புரியும்: பொறுக்கச் சொல்லப்படுவது தான் மட்டுமில்லை.

அன்றாட நேரங்களில் இரண்டுதான் உண்மையில் கடினமானவை. ஒன்று, வேன் வருவதற்கு முந்தைய அரை மணி நேரம். யூனிஃபார்ம் போட்டாயிற்று, ஒரு காலில் சாக்ஸ், மற்றொரு சாக்ஸைக் காணோம், அவள் அவனுடைய தண்ணீர்ப் பாட்டிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள், அவன் பிடுங்குகிறான், வேன்காரர் ஹாரன் அடிக்கிறார். முதல் நாள் இரவே பை, சாக்ஸ், பாட்டில் எல்லாவற்றையும் உயரத்தில் வைத்துவிட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அதற்கு மேல் நான் சொல்வது, அவளுக்கும் ஒரு பழைய பாட்டிலும் ஒரு துணிப்பையும் கொடுத்து வேன் வரை அனுப்பும் வேலையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே. காலையில் அவளை அடக்கி வைக்க யாருக்கும் நேரம் இல்லை. சேர்த்துக்கொள்ள நேரம் தேவைப்படாது.

இன்னொன்று, மாலை ஆறிலிருந்து எட்டரை வரை. இருவருக்கும் களைப்பு, உங்களுக்கும் களைப்பு, அடுப்பில் வேலை. இந்த நேரத்துச் சண்டைகளில் பாதி தூக்கக் குறைவினால் வருவது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று நாலு வயதில் 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும். காலை ஆறே முக்காலுக்கு எழும் எல்.கே.ஜி. பிள்ளை பகலில் தூங்குவதில்லை என்றால் இரவு எட்டே முக்காலுக்குள் தூங்கியிருக்க வேண்டும். பத்து மணி வரை சீரியல் ஓடும் வீட்டில் இது நடக்காது. சின்னவளின் பகல் தூக்கம் மாலை நாலு மணிக்கு மேல் நீண்டாலும் இரவு கெட்டுவிடும். அதே வழிகாட்டுதல், இந்த இரு வயதினரும் நாளில் மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து விளையாட வேண்டும் என்கிறது. ஐந்து மணிக்கு இருவரையும் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ அழைத்துப்போய் ஓட விட்டால், ஆறு மணிக்கு மேல் வரும் சண்டை கண்கூடாகக் குறையும். ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதை மொட்டை மாடி விஷயத்தில் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

இரவில் இருவருக்கும் அம்மா பக்கம்தான் படுக்க வேண்டும். நடுவில் நீங்கள் படுத்து, அவள் பால் குடிக்கும் நேரத்தில்கூட முதுகுப் பக்கம் இருப்பவனுக்கு ஒரு கையை நீட்டிவிடுங்கள். அவனும் பால் கேட்டால், அல்லது பாட்டிலில் குடிக்க ஆசைப்பட்டால், ‘வெட்கமில்லையா’ என்று யாரும் சொல்ல வேண்டாம். சில வாரங்களில் அந்த ஆசை தானாகப் போய்விடும். அவளுக்குத் தாய்ப்பால் கொடுப்பதை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை, இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்பதுதான் பரிந்துரை.

செல்போனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் அதைச் சொல்லாமல் விட முடியாது. இந்தியக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2021இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குக் கீழே, ஊரில் இருக்கும் உறவினரோடு முகம் பார்த்துப் பேசும் வீடியோ அழைப்பைத் தவிர, திரையே கூடாது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. முதல் குழந்தைக்கு இதைக் கடைப்பிடித்த வீடுகள்கூட இரண்டாவது குழந்தைக்குக் கோட்டை விடுகின்றன, ஏனென்றால் அண்ணன் பார்க்கும் திரையை ஒரு வயதுத் தங்கையும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவன் பார்க்க வேண்டுமென்றால் அவள் தூங்கும்போது பார்க்கட்டும் என்று தோன்றும். ஆனால் அவள் தூங்கும் அந்த நேரம்தான் அவனுக்கு உங்களைத் தனியாகப் பெறும் ஒரே நேரம். மதியம் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும் இருபது நிமிடம், பாத்திரத்தையும் துணியையும் விட்டுவிட்டு, அவன் சொல்லும் விளையாட்டை அவனோடு விளையாடுங்கள். மொத்தப் பதிலிலும் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். திரையை வேறொரு பொழுதில் பாட்டி சின்னவளை வெளியே அழைத்துப்போகும்போது வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கணவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் மூத்தவனைக் கடைக்கு அழைத்துப்போவதாகவும், அது உதவியாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உதவிதான். ஆனால் எப்போதும் அவனே வெளியே அனுப்பப்படுகிறான் என்றால், அம்மாவும் பாப்பாவும் உள்ளே, தான் வெளியே என்ற கணக்கு அவன் மனத்தில் விழும். வாரத்தில் சில நாள் அவர் சின்னவளைத் தூக்கிக்கொண்டு போகட்டும்.

நோய்களைப் பற்றிச் சுருக்கமாக: எல்.கே.ஜி. முதல் ஆண்டில் அவன் கொண்டுவரும் சளி, காய்ச்சல், கை கால் வாய்க் கொப்புளம் எல்லாம் அவளுக்கும் வரும். பள்ளியிலிருந்து வந்ததும் அவன் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகு தங்கையைத் தொடட்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் அங்கன்வாடியில் கொடுக்கப்படும் குடற்புழு மாத்திரை இருவருக்கும் உரியது. இரண்டு வயதுக்குக் கீழே பாதி, மேலே முழு மாத்திரை.

கவனிக்க வேண்டிய வேறொன்று உண்டு. அண்ணனே அவளுக்காகப் பேசிவிடுவதால் அவளுக்குப் பேச்சு தாமதமாகிறது என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள். ஒன்றரை வயதிலும் ஒரு சொல்கூட இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, விரல் நீட்டி எதையும் காட்டுவதில்லை என்றால், அந்த ஆறுதலை ஏற்காமல் காதுப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கென மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. அங்கே பரிசோதனைக்குக் கட்டணமில்லை. அவன் பக்கத்தில், நின்றுபோயிருந்த படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வந்திருந்தால் நாலு வயதில் அது பயப்படக்கூடியதன்று. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலோ அளவுக்கு மீறிய தாகமோ கூட இருந்தால் மட்டும் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாக ப்ளே ஸ்கூல். சண்டையைக் குறைப்பதற்காக மட்டும் ஒன்றரை வயதில் சேர்க்க வேண்டாம். அவள் அங்கிருந்து களைத்துப்போய் வரும் நேரமும் அவன் பள்ளியிலிருந்து வரும் நேரமும் ஒன்றாகிவிடும். அவனுக்கு நீங்கள் கிடைக்கும் மதிய நேரமும் போய்விடும். இரண்டு வயதானதும் அருகிலுள்ள அங்கன்வாடியில் காலை வேளை மட்டும் விட்டுப் பார்க்கலாம். வேலைக்குத் திரும்ப வேண்டிய கட்டாயத்தால் அதற்கு முன்பே சேர்க்க நேர்ந்தால், பாடத்திட்டத்தையும் சுவரில் வரைந்த படங்களையும் பார்க்காதீர்கள். ஒரு ஆயாவின் பொறுப்பில் எத்தனை குழந்தைகள், மதியம் படுக்க வைக்கும் அறையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்லாமல் போனால் உள்ளே விடுகிறார்களா என்ற மூன்றையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.